தானாகச் சரியான லிஃப்ட்

அத்தியாயம் 9

அன்று காலையிலிருந்து சில்லறைக்கு ஒரு ஜோக் கூட வரவில்லை. காய்ச்சல் அடிக்கிறதா என்று டீச்சர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சில்லறை என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில், மீதிச் சில்லறை கேட்டவர்களையெல்லாம் சிரிக்க வைத்தே இறக்கிவிட்டவன் அவன். ஒருநாள் பரிசோதகரிடமும் அதே வித்தையைக் காட்டினான். பரிசோதகர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சிரித்த வாயோடு அவனை வேலையிலிருந்து இறக்கிவிட்டார். டீச்சரின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளை விற்ற திருடனைக் கண்டுபிடித்தார். திருடன் தலைமை ஆசிரியராக இருந்து தொலைத்ததால் வேலை போனது இவருக்கு. அதன் பிறகு துப்பறிவதையே தொழிலாக்கிக்கொண்டார். வேலை இழந்த இருவரும் ஒரே அறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த அறையில் இப்போது மூன்றாவதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கண் ஆஸ்பத்திரி நர்ஸ். சீருடையைக் கூட மாற்றாமல் வந்திருந்தாள். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், ஏனென்றால் அவள் வாயைத் திறந்தால் தம்பியைத் தவிர வேறு பேச்சே இல்லை.

தம்பி அரசாங்க இன்ஜினியர். புதிதாகக் கட்டிய பாலத்தில் சிமெண்ட்டைவிட மணல் அதிகம் என்று எழுதிக் கொடுத்தான். கான்ட்ராக்டரிடம் லஞ்சம் வாங்கியவர் அமைச்சர். விசாரணை வந்தபோது லஞ்சப் பை அகப்பட்டதோ தம்பியின் மேஜைக்குள். எழுதிக் கொடுத்தவனே உள்ளே போனான். அவனுக்கு ஒரே ஒரு சாட்சி உண்டு. அந்த அலுவலகத்தின் லிஃப்ட் மெக்கானிக். பராமரிப்பு வேலைக்காக லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் அவர் படுத்திருந்தபோது, கீழே உள்ளே நின்ற அமைச்சரின் செயலாளர் கான்ட்ராக்டரிடம், பையைச் சின்ன இன்ஜினியர் மேஜையில் வைத்தாகிவிட்டது என்று சொன்னதைக் காதால் கேட்டவர். லிஃப்டுக்குள் ஏறிக் கதவு மூடிவிட்டால் உலகத்தில் நம்மைத் தவிர யாரும் இல்லை என்று நினைப்பது மனித இயல்பு. கூரைமேல் ஒருவன் இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

மெக்கானிக் தானாகவே அக்காவைத் தேடி வந்து சொன்னார். அக்கா அவரைக் கையோடு வக்கீலிடம் கூட்டிப் போனாள். சாட்சிப் பட்டியலில் பெயர் ஏறியது. மறுநாளே ஆளைக் காணோம்.

"நேத்து ஜெயில்ல போய்ப் பார்த்தேன்," என்றாள் அக்கா. "சாப்பிடறதே இல்லையாம். இன்னிக்கு மத்தியானம் கோர்ட்டுல நான்தான் வாங்கினேன்னு ஒத்துக்கப் போறேன்க்கா, முடிச்சுக்கலாம்ங்கறான். வாங்காததை வாங்கினேன்னு சொல்லப் போறான் டீச்சர்."

அப்படி ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீலும் சொல்கிறாராம். அவர் தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். வயதில் சின்னவர்தான் என்றாலும் கருப்புக் கோட்டுக்கு மரியாதையாக அக்காவுக்கு அவர் வக்கீல் அண்ணா. சாட்சியைத் தேடிக் கண்டுபிடிக்க டீச்சரிடம் போ என்று அனுப்பி வைத்ததும் அவர்தான். கோர்ட் கூடுவதற்குள் மெக்கானிக் வந்து நின்றால் தம்பி பிழைப்பான். இல்லாவிட்டால் இல்லை.

"நீங்க கோர்ட்டுக்குப் போங்க," என்றார் டீச்சர். "தம்பியை மட்டும் வாயைத் திறக்க விடாம பார்த்துக்குங்க. மத்தது எங்க பாடு."

அக்கா எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

*

மெக்கானிக்கின் வீட்டில் யாரோ ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தார்கள். தலையணைகள் கிழிந்து பஞ்சு ஒரு மூலையில் குவிந்திருந்தது. அவர் மனைவி அதை உறைக்குள் திணித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தவில்லை.

"நல்லது பண்ணத்தான் வந்தோம்னு சொல்லாதீங்க. இதுக்கு முன்னாடி வந்தவங்களும் அதைத்தான் சொன்னாங்க."

டீச்சர் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். பழைய தியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஆறு மாடிக் கட்டடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை என்றாள். காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாளாம். புருஷன் எங்கே போனார் என்று தனக்குத் தெரியாது என்பதைத் தையல் தையலாக நாலு தரம் சொன்னாள். டீச்சர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, கொல்லைப்புறக் கொடியில் காய்கிற துணிகளை வேடிக்கை பார்த்தார்.

"டீச்சர், துணி நல்லா காயுது. கிளம்பலாமா?"

"அந்த நீலச் சட்டையைப் பாரு."

சில்லறை பார்த்தான். துவைத்த சட்டை. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முதுகில் எவ்வளவு தேய்த்தும் போகாத கருப்பு எண்ணெய்க் கறை.

"லிஃப்ட் மெக்கானிக் சட்டையில கிரீஸ். இதுல என்ன அதிசயம்?"

"வேலைக்குப் போறவன் சட்டையில கிரீஸ் இருந்தா அதிசயம் இல்லை. ஓடி ஒளிஞ்சவன் சட்டை இன்னிக்குக் காலையில துவைச்சுக் காயுதே, அதுதான் அதிசயம். ஒளிஞ்ச இடத்துல ஒருத்தன் கிரீஸ் டப்பாவைத் திறக்கணும்னா எதுக்குத் திறப்பான்?"

சில்லறை பதில் தேடுவதற்குள் டீச்சர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

*

அந்த ஆறு மாடிக் கட்டடம் எப்போது இடிந்து விழலாம் என்று யோசித்துக்கொண்டே நின்றது. வாசலில் தபால் பெட்டிகளுக்கு மூடி இல்லை. சுவர்களில் வெற்றிலைக் காவி. மாடிப்படியின் கைப்பிடியைத் தொட்டால் கையோடு வந்துவிடும் போலிருந்தது. பல் டாக்டர், டைப்பிங் பயிற்சி, யாரும் ஏறி வராத ஒரு பயண ஏஜென்சி என்று பலகைகள் மட்டும் நிறைய. உள்ளே ஒரு லிஃப்ட்.

வாட்ச்மேன் ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் வேலை செய்யுமா என்று டீச்சர் கேட்டதற்கு அவர் முகம் மலர்ந்தது. வருஷக்கணக்கில் மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி நின்றுவிடுமாம். வாடகைக்காரர்கள் மனு மேல் மனு கொடுத்தும் கட்டடச் சொந்தக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் பாருங்கள், தானாகவே சரியாகிவிட்டது என்றார்.

"தானாவா?" என்றார் டீச்சர்.

"தானாதாங்க. யாரும் கை வைக்கலை. எனக்குத் தெரியாம யார் வருவாங்க?"

டீச்சர் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, விளிம்பு வரை டீ ஊற்றச் சொல்லி, சில்லறையிடம் கொடுத்து லிஃப்டுக்குள் தள்ளினார். கதவு மூடியது. ஆறாம் மாடியில் திறந்தது. நடுவில் ஏறியதா நகர்ந்ததா என்றே தெரியவில்லை. டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

"நம்ம ஆபீஸ் லிஃப்டா இருந்தா," என்றான் சில்லறை, "மேல வந்து டீயைச் சட்டையிலேர்ந்து பிழிஞ்சுதான் குடிக்கணும்."

அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் ஜோக் அது. டீச்சர் சிரிக்கவில்லை என்றாலும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மொட்டை மாடிக்குப் போகும் சின்ன இரும்புப் படியைக் காட்டினார். லிஃப்டை இழுக்கிற மோட்டார் அங்கே ஓர் அறைக்குள் இருக்கும். ஒரு மனிதன் படுத்துக்கொள்ளவும் அங்கே இடம் இருக்கும்.

"நான் மேல போய்ப் பேசறேன். ஆளைப் பார்த்து மிரண்டுடப் போறார், நீ வேண்டாம். கீழ போய் வண்டியைப் பின்பக்கமா நிறுத்து. அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு, பாவம்."

சில்லறை டீயைக் குடித்துக்கொண்டே கீழே போனான். வண்டியைப் பின்பக்கம் நிறுத்தினான். அக்காவுக்குப் போன் போட்டான். ஆள் கிடைச்சாச்சு என்று சொன்னதுதான் தாமதம், மறுமுனையில் அழுகை. சிரிப்பும் கலந்த அழுகை. தம்பியை இப்போதுதான் கூண்டு வண்டியிலிருந்து இறக்கினார்களாம். வக்கீல் அண்ணா பக்கத்திலேயே இருக்கிறாராம், கொடுக்கிறேன் என்றாள். வக்கீல் அன்பாகப் பேசினார். பிரமாதமான வேலை என்றார். சாட்சிக்குத் தகுந்த பாதுகாப்பு வேண்டும், நானே காரில் வந்து கூட்டிப் போகிறேன், இடம் எது என்றார். பாராட்டில் சில்லறைக்குத் தலைகால் புரியவில்லை. தியேட்டர் அடையாளம், ஆறு மாடி, மொட்டை மாடி, ஒன்றுவிடாமல் சொன்னான். லிஃப்ட் நன்றாக வேலை செய்கிறது என்பதைக் கூடச் சொன்னான்.

*

மோட்டார் அறையில் மெக்கானிக் ஒரு கோணிப்பையின் மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தாடி வளர்ந்திருந்தது. டீச்சர் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். சில்லறை உள்ளே நுழைந்தபோது அவர் டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

"லிஃப்டைச் சரி பண்ணாம இருந்திருந்தீங்கன்னா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "வேண்டாம் வேண்டாம்னுதான் இருந்தேன். தலைமாட்டுல பகல் பூரா முனகிட்டே இருந்துச்சும்மா. மூணாம் மாடி வந்ததும் ஒரு இழுப்பு இழுக்கும். எனக்குச் சோறு இறங்கலை. தொட்டா மாட்டிக்குவோம்னு தெரியும். தெரிஞ்சேதான் தொட்டேன்."

"சரி, எழுந்திருங்க அண்ணா," என்றான் சில்லறை. "கோர்ட்டுக்கு நேரமாச்சு. வக்கீலே உங்களைக் கூட்டிப் போக வந்துட்டிருக்கார்."

மெக்கானிக்கின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்தவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். சாட்சிப் பட்டியலில் பெயர் ஏறிய மறுநாளே வக்கீல் அவர் வீட்டுக்கு வந்தாராம். பின்னால் மலை மாதிரி இரண்டு பேர். உன் பெண் எந்த பஸ்ஸில் காலேஜுக்குப் போகிறாள், எந்த நிறுத்தத்தில் இறங்குகிறாள் என்று ஒப்பித்துக் காட்டினாராம். வழக்கு முடிகிற வரைக்கும் நான் சொல்கிற வீட்டில் போய் இரு என்று காரில் ஏற்றினாராம். சிக்னலில் கார் நின்றபோது இவர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து இங்கே ஒளிந்தார். அன்றிலிருந்து அவர்களுக்கும் இவர் எங்கே என்று தெரியாது.

"இப்ப தெரியும்," என்றார் டீச்சர் மெதுவாக. அவர் சில்லறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டியல்ல பேர் ஏறினதுமே அவனை விலைக்கு வாங்கியிருக்காங்க. நம்மகிட்ட அக்காவை அனுப்பி வெச்சது ஏன்னு இப்ப புரியுது. ஆளைத் தேடறதுக்கு அவனுக்கு மோப்ப நாய் வேணும். நாம வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வந்திருக்கோம்."

சில்லறை தன் வாழ்க்கையில் எத்தனையோ முறை வாயால் கெட்டிருக்கிறான், ஆனால் அதெல்லாம் அவனோடு போயிற்று. இப்போது கூண்டில் நிற்கப்போகிற ஒருவனும், பஸ்ஸில் போகிற ஒரு பெண்ணும், சுவரோடு ஒட்டி நிற்கிற இந்த மனிதரும் அவன் வாயில் வந்து மாட்டியிருந்தார்கள். அக்காவின் அழுகை இன்னும் காதில் கேட்டது. தன் நாக்கையே அறுத்துப் போடலாம் போலிருந்தது அவனுக்கு.

கீழே கார்க் கதவுகள் அடித்துச் சாத்தப்படும் சத்தம். டீச்சர் அறைக்கு வெளியே போய் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கார். வக்கீல் இறங்கிக்கொண்டிருந்தார். (இன்னும் அவரை 'அவர்' என்பது மரியாதைக்காக அல்ல, பழக்க தோஷம்.) ஒரு தடியன் மாடிப்படியின் அடியில் போய் நின்றுகொண்டான். இன்னொருவன் வக்கீலோடு லிஃப்ட் பக்கம் நடந்தான். கட்டடத்துக்கு வேறு படி கிடையாது.

டீச்சர் திரும்பியபோது மெக்கானிக் எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தார்.

"நான் இல்லேன்னா என் பொண்ணை விட்டுடுவாங்க," என்றார். கத்தவில்லை. கணக்குப் போட்டு விடை வந்தவர் மாதிரி சொன்னார்.

சில்லறை பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். மெக்கானிக் திமிறினார். சில்லறை பிடியை விடவில்லை. "என்னைத் திட்டுங்க, அடிங்க, எழுந்து மட்டும் போயிடாதீங்க அண்ணா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

டீச்சர் அவர்கள் பக்கத்தில் குனிந்தார். "லிஃப்டை நடுவழியில நிறுத்த முடியுமா?"

மெக்கானிக் திமிறுவதை நிறுத்தினார். அந்த நிலைமையிலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "நிறுத்தறதா? இப்பத்தானேம்மா ஓட வெச்சேன்."

"ஒரே ஒரு தரம்."

அறைக்குள் மோட்டார் சுழலத் தொடங்கியது. மெக்கானிக் எழுந்து உள்ளே ஓடினார். கம்பி வடத்தின்மேல் மாடிக்கு ஒன்றாக அவர் பூசி வைத்திருந்த வெள்ளை அடையாளங்கள் ஒவ்வொன்றாக நகர்வதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பெட்டி ஐந்தாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் பெரிய சுவிட்சைப் பிடித்து இழுத்தார். மோட்டார் நின்றது. கட்டடத்துக்குள்ளிருந்து மெல்லிதாக ஒரு கத்தல் வந்தது.

"விளக்கும் ஃபேனும் தனி லைன்," என்றார் மெக்கானிக், யாரோ குற்றம் சொல்லிவிட்டதைப் போல. "காத்து வரும். மூச்சு முட்டாது."

"நல்லது," என்றார் டீச்சர். "உள்ள மாட்டிக்கிட்டவங்க முதல்ல என்ன பண்ணுவாங்க?"

"கத்துவாங்க. மணியை அடிப்பாங்க. அப்புறம் பேச ஆரம்பிச்சுடுவாங்க. பேசாம யாரும் இருந்ததே இல்லை."

டீச்சர் சில்லறையைப் பார்த்தார். அவர் சொல்வதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது.

*

மெக்கானிக் ஒரு முக்கோணச் சாவியால் ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்தார். ஒரு முழத்துக்குக் கீழே, இருட்டில், லிஃப்ட் பெட்டியின் கூரை. அதன் நடுவில் காற்றுக்கு விட்ட சின்ன வலை. அதன் வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சில்லறை செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூனையாக இறங்கிக் குப்புறப் படுத்தான். போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு வலையின் ஓரத்தில் வைத்தான்.

வாழ்நாளில் முதன்முறையாக அவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் அவனுக்குக் கொடுத்ததில்லை.

கீழே வக்கீல் கதவைத் தட்டினார். பொத்தான்களை எல்லாம் அழுத்தினார். கூட வந்த தடியனைத் திட்டினார். யாராவது இருக்கீங்களா என்று அண்ணாந்து கத்தினார். அவர் முகம் வலைக்கு நேர் கீழே இருந்தது. சில்லறையின் நாக்கு நுனியில், 'வாய்தா வாங்கிக்குங்க வக்கீல் சார்' என்று ஒரு ஜோக் வந்து நின்றது. அருமையான ஜோக். அதைப் பல்லால் கடித்து விழுங்கினான்.

பிறகு வக்கீல் போனை எடுத்தார்.

"ஐயா, நான்தான். ஆள் கிடைச்சாச்சு, செயலாளர் சார். பழைய தியேட்டர் பின்னாடி... லிஃப்ட் நின்னு போச்சு, அதான் தாமதம். படியில நம்ம ஆள் நிக்கிறான், எங்கேயும் போக முடியாது." குரல் தாழ்ந்தது. "பையனைப் பத்திக் கவலையே வேண்டாம். நான் இல்லேன்னாலும் என் ஜூனியர் இருக்கான். கேஸைக் கூப்பிட்டதும் எழுந்து ஒத்துக்கச் சொல்லியிருக்கேன். அவன் அக்கா என்னைச் சாமி மாதிரி நம்பறா."

மறுமுனை என்னவோ கேட்டது.

"மெக்கானிக்கா? இன்னிக்கு மட்டும் மறைச்சா போதாதுங்க. பையை நம்ம ஆள்தான் மேஜையில வெச்சான்னு நீங்க சொன்னதைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அவன் வாய் எப்பவும் மூடியிருக்கணும்னா அந்தப் பொண்ணு எப்பவும் நம்ம கையில இருக்கணும். காலேஜ் முடிச்சாலும் சரி, கல்யாணம் ஆனாலும் சரி."

சில்லறை மெதுவாகத் தலையைத் திருப்பினான். திறந்திருந்த ஐந்தாம் மாடிக் கதவருகில் மெக்கானிக் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பயம் அந்த முகத்திலிருந்து போகவில்லை. ஆனால் அதற்கு இனி போக்கிடம் இல்லை. ஒளிந்தாலும் குதித்தாலும் மகளுக்கு விடிவு இல்லை என்பதை எதிராளியே வாயால் சொல்லிவிட்டான்.

அவர் கையை நீட்டிச் சில்லறையை மேலே தூக்கிவிட்டார். அப்புறம் மனைவிக்குப் போன் செய்தார். பெண்ணை உடனே காலேஜிலிருந்து கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துவிடு என்றார். ஏன் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். "ஒளிஞ்சது போதும்," என்றார்.

*

படியின் அடியில் இன்னும் அந்தத் தடியன் இருந்தான். சில்லறை அதைச் சொன்னபோது மெக்கானிக் தன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். 'பழுது' என்று எழுதிய தகரப் பலகையைக் கையில் எடுத்தார். முன்னால் இறங்கினார். மற்ற இருவரும் ஒரு மாடி தள்ளிப் பின்னால் போனார்கள்.

தடியன் மெக்கானிக்கை முன்பின் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த இருவரில் அவன் இல்லை. மொட்டை மாடியில் ஒளிந்திருக்கிற ஒருவனைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தார்கள். எதிரே வருகிறவர் கையில் பலகை, தோளில் பை, சட்டையில் கிரீஸ். அவனுக்கு உயிர் வந்தது.

"யோவ், எங்க ஆளுங்க உள்ள மாட்டியிருக்காங்க. சீக்கிரம் சரி பண்ணு."

மெக்கானிக் லிஃப்ட் கதவில் நிதானமாகப் பலகையை மாட்டினார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் தள்ளி நின்று பார்த்தார்.

"ஒரு சாமான் வாங்கணும்," என்றார். "இதோ வந்துடறேன்."

உலகத்தில் எந்த மெக்கானிக்கும் எந்தப் பழுதையும் பார்த்துவிட்டுச் சொல்கிற வார்த்தை அது. அதைக் கேட்டு யாரும் சந்தேகப்பட்டதில்லை. எப்போது வருவாய் என்று அலுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தடியனும் அலுத்துக்கொண்டான். டீச்சரும் சில்லறையும் பல் டாக்டரிடம் வந்தவர்கள் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வெளியேறினார்கள். வாசலில் மெக்கானிக் வாட்ச்மேனிடம் நின்று, அரை மணி கழித்து மேலே போய்ப் பெரிய சுவிட்சைப் போடும்படி சொன்னார். மனிதர்களை உள்ளே விட்டுவிட்டு அப்படியே போக அவருக்கு மனசு வரவில்லை.

வண்டியில் ஏறியதும் சில்லறையின் போன் அடித்தது. அக்கா.

"கேஸைக் கூப்பிட்டுட்டாங்க," என்றாள். அவள் குரலில் அழக் கூடத் தெம்பில்லை. "வக்கீல் அண்ணாவைக் காணோம். தம்பி என்னைப் பார்க்கவே மாட்டேங்கறான்."

டீச்சர் சிக்னலைப் பார்க்காமல் ஓட்டினார்.

கோர்ட் கட்டடத்தின் லிஃப்டிலும் 'பழுது' பலகை தொங்கியது. மெக்கானிக்கின் கால் தானாக அதன் பக்கம் திரும்பியது. டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து, "அப்புறம்," என்றார். மூன்று பேரும் படியேறி ஓடினார்கள். மேல் வராந்தாவில் மெக்கானிக்கின் மனைவி நின்றாள். அவள் பக்கத்தில் காலேஜ் பையை மார்போடு அணைத்தபடி பெண். அப்பாவைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே தம்பி கூண்டில் எழுந்து நின்றிருந்தான். சட்டை அவன் உடம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒத்துக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டுவிட்டார். அக்கா முதல் வரிசையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தம்பி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

மெக்கானிக் வாசலில் நின்று வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது.

சில்லறை இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். ஓடுகிற பஸ்ஸை ஒரே மூச்சில் நிறுத்துகிற கண்டக்டர் விசில். கோர்ட்டே விறைத்துப்போய்த் திரும்பியது. தம்பியின் வாய் திறந்தபடி நின்றது.

"யார் அது?" என்றார் நீதிபதி. கோபத்தில் அவர் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"சாட்சிங்க ஐயா," என்றார் மெக்கானிக். இப்போது குரல் வந்தது. "பட்டியல்ல என் பேரு இருக்கு. வரேன்னு சொல்லியிருந்தேன். வந்துட்டேன்."

தம்பி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அக்கா எழுந்து நின்றாள். அவள் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, சில்லறையைப் பார்க்கவில்லை. தம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு, தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே இருந்தாள். சொல்லிடாதே என்று அர்த்தம். அவன் புரிந்துகொண்டு தலையாட்டினான்.

நீதிபதி ஜூனியரைப் பார்த்தார். ஜூனியர் வாசலைப் பார்த்தான்.

"இவருடைய வக்கீல் எங்கே?"

சில்லறை முன்னால் வந்தான். கூரைமேல் படுத்ததில் சட்டையெல்லாம் கிரீஸ். போனை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான்.

"அவர் லிஃப்ட்ல மாட்டியிருக்காருங்க ஐயா. ஆனா அவரோட வாதம் முழுசும் இதுல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. முதன்முறையாக அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை.